அன்றாடக் காருக்கு எந்த டயர், எந்த ரிம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டயர் மாற்றும் நேரம் நெருங்கினால் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே தந்திருக்கிறேன். வேலைக்குப் போக, பிள்ளைகளைக் கூட்டிப்போக, குடும்பத்தோடு வெளியூர் போக என்று தினமும் ஓடும் காரை மனதில் வைத்தே பதில்கள். பந்தயக் காருக்கும் கண்காட்சிக் காருக்கும் கணக்கு வேறு.

டயர் ஓரத்துல 195/65 ஆர்15 91 எச்-னு போட்டிருக்கே, அதுல எது எது என்ன?

195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். சாலையில் படும் பட்டன் பகுதியின் அகலம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காற்றடித்த டயரின் ஒரு பக்கச்சுவரிலிருந்து மறு பக்கச்சுவர் வரை அளக்கும் அகலம் இது. 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தின் விழுக்காடாக. 195-இல் 65 விழுக்காடு என்றால் சுமார் 127 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், டயருக்குள் இழைகள் குறுக்காக ஓடும் வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மூன்று விதமான அளவுகள் கலந்து நிற்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

கடைசியில் வரும் 91 சுமைக் குறியீடு. 91 என்றால் அந்த ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும். எச் என்பது வேகக் குறியீடு, மணிக்கு 210 கி.மீ. வரை. டி என்றால் 190, வி என்றால் 240. அளவைப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்தக் கடைசி இரண்டையும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது; பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

என் காருக்கு எந்த அளவுன்னு எங்க பார்க்கிறது? இப்ப மாட்டியிருக்கிற டயரையே பார்த்தா போதாதா?

போதாது, அதுவும் பழைய காராக வாங்கியிருந்தால். முன்னால் வைத்திருந்தவர் என்ன மாற்றினார் என்று உங்களுக்குத் தெரியாது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு நிலையின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியிருப்பார்கள். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். காரோடு வந்த கையேட்டிலும் பார்க்கலாம்.

பெரும்பாலான கார்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகளைத் தயாரிப்பாளரே அனுமதித்திருப்பார். விலை குறைந்த மாடலுக்கு 15 அங்குலம், உயர்ந்த மாடலுக்கு 16 அல்லது 17 என்று இருக்கும். அந்தப் பட்டியல்தான் உங்கள் கையில் இருக்கும் மிக நம்பகமான ஆவணம். அதிலுள்ள எந்த அளவும் அந்தக் காரின் பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாவற்றோடும் சேர்த்துச் சோதிக்கப்பட்டது. ஆனால் ஒரு எச்சரிக்கை: ஒரே பெயரில் வரும் மாடல்களுக்குள் எஞ்சினுக்கு எஞ்சின் பிரேக் அளவு மாறலாம். உங்கள் காருக்கு உரிய வரியைத்தான் பார்க்க வேண்டும்.

15 இஞ்ச் எடுத்துட்டு 16 போட்டா வண்டி உயரமாயிடுமா?

சரியான டயரோடு போட்டால் ஆகாது. ரிம் பெரிதாகும் அளவுக்குப் பக்கச்சுவரைக் குறைத்து, மொத்த விட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கு எளிது: ரிம் அங்குலத்தை 25.4 ஆல் பெருக்குங்கள், இரண்டு பக்கச்சுவர்களின் உயரத்தைக் கூட்டுங்கள். 195/65 ஆர்15-க்கு 381 + 253.5 = 634.5 மி.மீ. 205/55 ஆர்16-க்கு 406.4 + 225.5 = 631.9 மி.மீ. 225/45 ஆர்17-க்கு 634.3 மி.மீ. மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம். அதனால்தான் பல கார்களின் பட்டியலில் இந்த மூன்றும் ஒன்றாக வருகின்றன.

மாறுவது ரப்பரின் பங்கு. 15-இல் சுமார் 127 மி.மீ. இருந்த பக்கச்சுவர் 17-இல் 101 ஆகிவிடுகிறது. ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே இருந்த மெத்தையில் ஓர் அங்குலம் போய்விட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களில் இது திரும்ப வரும்.

மொத்த விட்டம் கொஞ்சம் கூடினா குறைஞ்சா என்ன ஆகிடப் போகுது?

ஒரு விழுக்காடு மாறினால் எதுவும் தெரியாது. புது டயரும் தேய்ந்த டயரும் தங்களுக்குள்ளேயே கிட்டத்தட்ட இரண்டு விழுக்காடு வேறுபடும். மூன்று விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழக்கம். நான் சொல்வது இரண்டுக்குள் நிறுத்துங்கள் என்பதே.

காரணம், சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை வைத்துத்தான் கார் தன் வேகத்தை அறிகிறது. விட்டம் 3 விழுக்காடு கூடினால், முன்பு 100 காட்டியபோது போன வேகத்தைவிட இப்போது 100 காட்டும்போது 3 கி.மீ. அதிகமாகப் போவீர்கள். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐ.நா.வின் 39-ஆம் வாகன ஒழுங்குமுறை. அதனால் தயாரிப்பாளர்கள் சற்றுக் கூட்டிக் காட்டும்படிதான் அமைக்கிறார்கள். பெரிய டயர் அந்த இடைவெளியைத் தின்றுவிடும். கூடவே கியர் சற்று நீளமானது போல ஆகி, மேட்டில் வண்டி இழுக்கச் சிரமப்படும். வளைவில் டயர் உள் மட்கார்டில் உரசவும் வாய்ப்பு உண்டு.

ரிம்மை மாத்தாம டயரை மட்டும் அகலமாப் போடலாமா?

ஓர் எல்லை வரை போடலாம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் எந்த அகல ரிம் பொருந்தும் என்று டயர் தயாரிப்பாளர் வரம்பு தருகிறார். 195/65 ஆர்15-க்கு 5.5 முதல் 7 அங்குல அகலம் வரை. 205/55 ஆர்16-க்கு 5.5 முதல் 7.5 வரை. 225/45 ஆர்17-க்கு 7 முதல் 8.5 வரை. இந்த அகலம் ரிம்மின் உட்புறத்தில் பொறித்திருக்கும், 6.5 ஜே என்பது போல ஜே எழுத்தோடு வரும்.

வரம்பின் கீழ் ஓரத்தில் இருக்கும் ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும், பட்டனின் நடுப்பகுதி சீக்கிரம் தேயும், ஸ்டீயரிங் திருப்பியதற்குக் கார் தாமதமாகப் பதில் சொல்லும். ஒரு படி கூட்டுவது, அதாவது 195-லிருந்து 205, பெரும்பாலும் சிக்கலில்லாதது. ஆனால் விகிதத்தையும், அதாவது பக்கச்சுவர் விழுக்காட்டையும், சேர்த்துப் பாருங்கள்: 205/60 ஆர்15 என்றால் 627 மி.மீ., சுமார் ஒரு விழுக்காடு குறைவு. 205/65 ஆர்15 என்றால் 647.5, இரண்டு விழுக்காட்டுக்கு மேல் கூடுதல்.

அகல டயர்னா பிரேக் நல்லாப் பிடிக்கும்தானே?

காய்ந்த சாலையில் ஓரளவு உண்மை. அகலம் கூடும்போது சாலையைத் தொடும் பரப்பு அதே விகிதத்தில் கூடுவதில்லை. காரின் எடையும் காற்றழுத்தமும் மாறாவிட்டால் அந்தப் பரப்பு பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறுகிறது: நீளம் குறைந்து அகலம் கூடும். அகல டயரில் கிடைக்கும் பிடிப்பில் பெரும் பங்கு, அத்தகைய டயர்களில் பயன்படுத்தும் ரப்பர் கலவையின் தரத்தால் வருவது.

மழையில் கதை திரும்பிவிடும். தேங்கிய நீரில் வேகமாகப் போகும்போது டயர் தன் முன்னால் உள்ள நீரைப் பிளந்து வெளியேற்ற வேண்டும். அகலம் கூடக்கூட வெளியேற்ற வேண்டிய நீரும் கூடும். அதனால் அகல டயர் குறைந்த வேகத்திலேயே நீர்மேல் மிதக்கத் தொடங்கும்; அந்த நொடியில் ஸ்டீயரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. பட்டன் தேய்ந்திருந்தால் இன்னும் மோசம். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் குறைந்த ஆழம் 1.6 மி.மீ.; மழை அதிகம் உள்ள இடத்தில் 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுங்கள். பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டுமென்றால் அகலத்துக்குச் செலவிடும் பணத்தை அதே அளவில் நல்ல தரமான டயருக்குச் செலவிடுங்கள்.

பெரிய ரிம் போட்டா மைலேஜ் குறையுமா?

பெரும்பாலும் குறையும். பெரிய ரிம்மும் அகல டயரும் எடை கூடியவை, காற்றையும் அதிகம் எதிர்க்கும். சக்கரத்தின் எடை நடுவிலிருந்து விளிம்புக்குத் தள்ளிப் போகப் போக அதைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் ஆற்றல் வேண்டும். நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில் இது நன்றாகத் தெரியும்.

மொத்த விட்டத்தை மாற்றிவிட்டு மைலேஜ் கணக்குப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெரிய விட்டத்தில் ஓடோமீட்டரும் தூரத்தைக் குறைத்துக் காட்டும். மீட்டரை நம்பிக் கணக்கிட்டால் உண்மையைவிட மோசமான மைலேஜ் வரும்; சிறிய விட்டத்தில் இதற்கு நேர்மாறு.

எங்க ரோடு ரொம்ப மோசம், பள்ளம் மேடுதான். எந்த அளவு நல்லது?

பட்டியலில் உள்ளதிலேயே சின்ன ரிம், உயரமான பக்கச்சுவர். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பள்ளத்தில் விழும்போது டயர் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள இடம் வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்கி உள்ளே இருக்கும் இழைகள் அறுபடும். சில நாள் கழித்துப் பக்கவாட்டில் ஒரு புடைப்பு தெரியும். அதற்குப் பஞ்சர் போல ஒட்டு கிடையாது, டயரை மாற்றியே ஆக வேண்டும். புடைப்போடு நெடுஞ்சாலையில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. ரிம்மும் வளைந்தோ விரிசல் விட்டோ போகலாம்.

மோசமான சாலைக்கு 18 அங்குலத்தில் 40 விகித டயர் வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. 225/40 ஆர்18-இல் பக்கச்சுவர் 90 மி.மீ.தான். காற்று கொஞ்சம் குறைந்தாலும் அந்த 90 போதாது. முதுகுக்கும் சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ்களுக்கும் போகும் அதிர்ச்சி வேறு.

தரை இடைவெளிக்காக விட்டத்தைக் கூட்ட நினைத்தால், கூடும் விட்டத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். 195/65-லிருந்து 205/65-க்குப் போனால் 13 மி.மீ. விட்டம் கூடி, காரின் அடிப்பகுதி உயர்வது ஆறரை மி.மீ. மட்டுமே.

ரிம் வாங்கும்போது போல்ட் துளை பொருந்தினாப் போதும்தானே?

துளை முதல் படி மட்டுமே. எத்தனை துளை, அவை எந்த விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன என்பதை 4×100, 5×114.3 என்று குறிப்பார்கள். இதில் ‘கிட்டத்தட்ட’ என்பதே கிடையாது. 5×112-க்கும் 5×114.3-க்கும் 2.3 மி.மீ.தான் வித்தியாசம், இறுக்கினால் உட்கார்ந்தது போலத் தோன்றும். ஆனால் போல்ட்டுகள் சாய்வாக இழுபட்டு நிற்கும், ஓட்டத்தில் தளரும், உடையும். யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது நடுத் துளை. கடையில் தனியாக விற்கும் ரிம்கள் பல கார்களுக்குப் பொருந்தும்படி 73.1 மி.மீ. போலப் பெரிய துளையோடு வரும். உங்கள் காரின் ஹப், அதாவது ரிம் உட்காரும் நடு முனை, 57.1 அல்லது 60.1 ஆக இருக்கலாம். இடைவெளியை நிரப்ப அளவான ஹப் ரிங் வாங்கிப் போட வேண்டும். இல்லாவிட்டால் ரிம் நடுவில் உட்காராமல், பேலன்ஸ் எத்தனை முறை பார்த்தாலும் வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும். சின்னத் துளையுள்ள ரிம்மோ பொருந்தவே பொருந்தாது.

நட்டின் உட்காரும் முகத்தையும் பாருங்கள். கூம்பு, உருண்டை, தட்டை என்று மூன்று வகை உண்டு. கூம்பு நட்டை உருண்டைக் குழியில் இறுக்கினால் ஓர் ஓரம் மட்டுமே தொட்டு நிற்கும். பழைய நட்டு புது ரிம்முக்குப் பொருந்தாமல் போவது மிகச் சாதாரணம். பிறகு ஆஃப்செட், அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது.

சக்கரம் கொஞ்சம் வெளிய தள்ளி நின்னா நல்லா இருக்கும். ஆஃப்செட் குறைச்சா, இல்ல ஸ்பேசர் போட்டா தப்பா?

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. ஈ.டி. 45 என்றால் 45 மி.மீ. இந்த எண் குறைந்தால் சக்கரம் வெளியே போகும், கூடினால் உள்ளே வரும். ரிம் அகலமும் கூடவே மாறினால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 6.5 அங்குலம் ஈ.டி. 45 ரிம்மை எடுத்துவிட்டு 7.5 அங்குலம் ஈ.டி. 35 போட்டால், அகலத்தால் இரு பக்கமும் 12.7 மி.மீ. கூடும், ஆஃப்செட்டால் எல்லாமே 10 மி.மீ. வெளியே நகரும். வெளி ஓரம் 22.7 மி.மீ. வெளியே போகும், உள் ஓரம் 2.7 மி.மீ. மட்டும் உள்ளே வரும்.

ஐந்து மி.மீ.க்குள் மாறினால் பெரும்பாலான கார்கள் தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் தள்ளினால் வீல் பேரிங் மீது நெம்பும் சுமை கூடி அது சீக்கிரம் தேயும். பிரேக் போடும்போதும் பள்ளத்தில் ஏறும்போதும் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தட்டான ஸ்பேசரும் இதையேதான் செய்கிறது, கூடவே நட்டு பிடிக்கும் மரையின் நீளத்தையும் குறைக்கிறது. தினமும் குடும்பம் ஏறும் காருக்கு நான் ஸ்பேசரைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அலாய் வாங்கவா, ஸ்டீல் ரிம்மே போதுமா?

தோற்றம் முக்கியமில்லையென்றால் ஸ்டீல் போதும். பலமாக அடிபட்டால் ஸ்டீல் பெரும்பாலும் வளையும், அலாய் விரிசல் விடக்கூடும். அலாய் என்றாலே எடை குறைவு என்பதும் எப்போதும் சரியல்ல. வார்ப்பில் செய்த பெரிய அலாய், சின்ன ஸ்டீல் ரிம்மைவிடக் கனமாகவே இருக்கும். கடையில் எடை போட்டுப் பார்க்கக் கேளுங்கள்.

அளவு சரியா இருக்கு, ஆனா 91-க்குப் பதிலா 88 போட்டிருக்கு. பரவாயில்லையா?

வேண்டாம். 88 என்றால் 560 கிலோ, ஒரு டயருக்கு 55 கிலோ குறைவு. ‘நாலு டயர் சேர்ந்தா 2240 கிலோ தாங்குமே, என் கார் அவ்வளவு இல்லையே’ என்று கேட்பார்கள். எடை நான்கு டயரிலும் சமமாக நிற்பதில்லை. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் பின்பக்கம் அழுந்தும், பிரேக் போட்டால் முன்பக்கம், வளைவில் ஒரு பக்கம். பட்டியலில் உள்ள சுமைக் குறியீட்டுக்குச் சமமாகவோ கூடுதலாகவோதான் இருக்க வேண்டும். வேகக் குறியீட்டுக்கும் அதே விதி.

அப்ப எக்ஸ்.எல். போட்டா இன்னும் பாதுகாப்புதானே?

காற்றழுத்தத்தைச் சரியாக வைத்தால் மட்டும். எக்ஸ்.எல். என்பது அதே அளவில் கூடுதல் சுமை தாங்கும்படி செய்த டயர். 225/45 ஆர்17 சாதாரண வகையில் 91 ஆகவும் எக்ஸ்.எல். வகையில் 94 ஆகவும் வருகிறது. 94 என்றால் 670 கிலோ. ஆனால் சாதாரண டயர் தன் முழுச் சுமையை 2.5 பாரில் தாங்குகிறது, எக்ஸ்.எல்.க்கு 2.9 பார் வேண்டும், அதாவது 36-க்குப் பதில் 42 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைக் கூட்டாமல் ஓட்டினால் 94 என்ற எண்ணால் கூடுதல் பலம் எதுவும் கிடைக்காது.

இதில் ஒளிந்திருக்கும் சிக்கல் இன்னொன்று. ரிம்மைப் பெரிதாக்கும்போது பழைய 91-க்குப் பதில் எக்ஸ்.எல். 92 வாங்கி, பழைய அழுத்தத்திலேயே ஓட்டுகிறார்கள். எண் கூடியிருந்தாலும் அந்த அழுத்தத்தில் டயர் தாங்கும் சுமை முன்பைவிடக் குறைவு. கதவில் உள்ள ஸ்டிக்கர் புது அளவைச் சொல்லவில்லையென்றால் டயர் நிறுவனத்தின் சுமை-அழுத்த அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

ரெண்டு டயர் மட்டும் மாத்துறேன். புதுசு முன்னாடியா பின்னாடியா? ரெண்டும் வேற அளவா இருக்கலாமா?

புதியவை பின்னால், முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்து மீட்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், பழக்கமில்லாத கைகளால் அதை மீட்க முடியாது. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே மாடல் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் அளவு வேறாக இருப்பது, தயாரிப்பாளரே அப்படிக் கொடுத்த கார்களுக்கு மட்டும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் காராக இருந்தால் இன்னும் கறாராக இருங்கள். முன்பின் விட்டம் வேறுபட்டால் முன்பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலோ கிளட்ச்சோ நேர்ச்சாலையிலும் ஓயாமல் உழைத்துச் சூடாகும். அந்த வகைக் கார்களில் பட்டன் ஆழத்தின் வேறுபாட்டுக்கே கையேட்டில் வரம்பு சொல்லியிருப்பார்கள்.

ரிம் மாத்திட்டேன், ஸ்டெப்னி பழைய அளவுதான். பிரச்சினையா?

மொத்த விட்டம் ஒன்றாக இருந்தால் பழுது பார்க்கும் இடம் வரை போகத் தடையில்லை. நட்டு மட்டும் மறந்துவிடாதீர்கள்: அலாய்க்கு வேறு நட்டு போட்டிருந்தால் ஸ்டீல் ஸ்டெப்னிக்கான பழைய நட்டுகள் டிக்கியில் இருக்க வேண்டும். மெல்லிய தற்காலிக ஸ்டெப்னி என்றால் அதில் எழுதியிருக்கும் வேகத்தைத் தாண்டக் கூடாது, பொதுவாக 80 கி.மீ.

கார்ல வந்ததே 17. நான் 16-க்கு இறங்கலாமா?

இறங்கலாம், அன்றாட ஓட்டத்துக்கு மிக நல்ல முடிவும்கூட. டயர் விலையும் பொதுவாகக் குறையும். தடையாக இருக்கக்கூடியது பிரேக். பெரிய பிரேக் டிஸ்க்கும் அதைப் பிடிக்கும் காலிப்பரும் உள்ள மாடலில் சின்ன ரிம் உட்காராது. விட்டம் சரியாக இருந்தாலும் உட்புற வளைவு காலிப்பரில் உரசலாம். காசு கொடுப்பதற்கு முன் ஒரு வெறும் ரிம்மை மாட்டி, கையால் சுற்றிப் பாருங்கள்.

எலக்ட்ரிக் காருக்கும் இதே கணக்குதானா?

அதே கணக்குதான், சுமையில் மட்டும் இடம் கொடுக்காதீர்கள். பேட்டரியால் எடை கூடுதல் என்பதால் எக்ஸ்.எல். வகையும், அதற்கும் மேலான எச்.எல். என்று குறித்த டயர்களும் சில மாடல்களில் வருகின்றன. எச்.எல். கேட்கும் காருக்கு எக்ஸ்.எல். போடக் கூடாது. ஒருமுறை சார்ஜ் செய்தால் போகும் தூரம் உங்களுக்கு முக்கியமென்றால், மைலேஜ் கேள்விக்குச் சொன்னது இங்கே இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

கடைக்காரர் ‘எல்லாம் பொருந்தும், மாட்டிக்கலாம்’னு சொல்றார். நான் எப்படிச் சோதிக்கிறது?

மாட்டுவதற்கு முன் டயரின் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். சுமை, வேகக் குறியீடுகளை ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். புது அளவு உங்கள் நாட்டு விதிக்கும் காப்பீட்டு ஒப்பந்தத்துக்கும் உட்பட்டதா என்றும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மாட்டிய பிறகு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். பின்சீட்டில் மூவரை உட்காரவைத்து ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். காலியான காரில் உரசாத டயர் ஆள் ஏறியதும் உரசும். உள் மட்கார்டில் பளபளப்பான தேய்மானம் தெரிந்தால் அங்கே தொடுகிறது என்று பொருள். நட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள். காற்று இயந்திரத் துப்பாக்கியோடு விட்டுவிடக் கூடாது. 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் அதே ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள், புது அலாயில் நட்டு சற்றே தளர்வது உண்டு.